தனியார் பள்ளியிலிருந்து அரசு சிக்ஸ்த் ஃபார்முக்கு: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

லண்டனில் ஓர் அரசு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். சிக்ஸ்த் ஃபார்ம் என்பது பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகள், இயர் 12-உம் 13-உம். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20% வாட் வரி விழுந்ததிலிருந்து, இயர் 11 (16 வயது) முடிந்ததும் பிள்ளையை அரசுப் பக்கம் மாற்றலாமா என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிவிட்டன. கோயிலில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

அரசு சிக்ஸ்த் ஃபார்ம் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு பள்ளியோடு ஒட்டியிருக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் ஒரு வகை. 16 முதல் 18 வயதினருக்கு மட்டுமே இயங்கும் தனிக் கல்லூரி இன்னொரு வகை. கேம்பிரிட்ஜில் ஹில்ஸ் ரோடு, வின்செஸ்டரில் பீட்டர் சைமண்ட்ஸ், லண்டன் ஃபின்ச்லியில் உட்ஹவுஸ் எல்லாம் இந்த இரண்டாம் வகை. தொழிற்கல்வியும் ஏ-லெவலும் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) சேர்த்து நடத்தும் பெரிய கல்லூரிகள் மூன்றாவது.

பள்ளியோடு ஒட்டியதில் பெரும்பாலானவர்கள் அதே பள்ளியில் இயர் 7 முதல் ஒன்றாகப் படித்தவர்கள். உங்கள் பிள்ளை அங்கே புது ஆள். தனிக் கல்லூரியில் செப்டம்பர் முதல் நாள் எல்லோருமே புது ஆள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது. பரீட்சை முடிவுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள் என்பேன்.

11 வயதில் நுழைவுப் பரீட்சை வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளும் இயர் 12-இல் வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பரீட்சையில் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது கதவு. இங்கே பெரும்பாலும் ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) தரங்களை வைத்தே எடுப்பார்கள்.

எப்போது முடிவெடுக்க வேண்டும்? ஆகஸ்டில் ரிசல்ட் பார்த்துவிட்டு மாற்றினால் போதாதா?

மாற்றலாம், ஆனால் காசு போகும். பெரும்பாலான தனியார் பள்ளி ஒப்பந்தங்களில் ஒரு முழு டெர்ம் (பள்ளிப் பருவம்) நோட்டீஸ் கேட்பார்கள். இயர் 11 முடிவில் பிள்ளை விலக வேண்டுமென்றால், ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கும் டெர்மின் முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படிக்காத டெர்முக்கும் கட்டணம் கேட்பார்கள். ஜிசிஎஸ்இ முடிவோ ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமைதான் வரும். ஆக, முடிவு தெரியாமலே நோட்டீஸ் கொடுக்க வேண்டிய நிலை. ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். சேர்ந்தபோது கட்டிய டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதும் அதிலேயே இருக்கும்.

அரசுப் பக்கம் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இயர் 11-இன் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பங்கள் திறக்கும். பல இடங்களில் கிறிஸ்துமஸை ஒட்டி மூடிவிடும். மூன்று இடங்களுக்குப் போட்டு வையுங்கள். நிபந்தனையோடு இடம் தருவார்கள். மாக் (மாதிரிப்) பரீட்சை முடிவு கையில் வந்ததும், மார்ச்சில் குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். ரிசல்ட் நாளன்றே, முடியாவிட்டால் மறுநாள், கல்லூரிக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். அந்த வாரம் கொழும்புக்கோ சென்னைக்கோ டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது போடுகிறார்கள்.

படிப்பின் தரம் குறைந்துவிடாதா?

எந்தத் தனியார் பள்ளி, எந்த அரசுக் கல்லூரி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் பிராம்ப்டன் மேனர் ஓர் அரசுப் பள்ளி. 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அதன் மாணவர்களுக்கு 55 இடங்கள் தர முன்வந்தன. அதே ஆண்டு புகழ்பெற்ற தனியார் பள்ளியான ஈட்டனுக்குக் கிடைத்தது 48. ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012-இல் தொடங்கிய லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸ், 2014-இல் தொடங்கிய ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர், அதே ஆண்டு தொடங்கிய கிங்ஸ் காலேஜ் லண்டன் கணிதப் பள்ளி எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவைதான். இவை போட்டி மிகுந்த இடங்கள். இவற்றை வைத்து எல்லா அரசுக் கல்லூரியையும் எடைபோட முடியாது என்பதும் உண்மை.

என் அனுபவத்தில் பாடம் நடத்தும் ஆசிரியரின் தரத்தில் பெரிய இடைவெளி இல்லை. இடைவெளி இருப்பது துரத்துவதில். தனியார் பள்ளியில் ஏ-லெவல் வகுப்பில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஹோம்வர்க் வராவிட்டால் மாலைக்குள் வீட்டுக்கு மின்னஞ்சல் போகும். என் வகுப்பில் 22 பேர், அப்படி நான்கு வகுப்புகள். சிக்ஸ்த் ஃபார்ம் மாணவர் ஒருவருக்கு அரசு ஓர் ஆண்டுக்குத் தரும் அடிப்படைத் தொகை சுமார் 5,000 பவுண்டு. லண்டனில் தனியார் பகல் பள்ளிக் கட்டணம் பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல். அந்த வித்தியாசம் எங்காவது தெரியத்தானே செய்யும்? தெரிவது இங்கேதான். கேட்டால் விளக்க ஆள் இருக்கிறது. கேட்காதவரைத் தேடிப் போய் விளக்க நேரம் இல்லை.

மகள் எழுதியது ஐஜிசிஎஸ்இ (ஜிசிஎஸ்இயின் சர்வதேச வடிவம்). ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்வார்கள். பல தனியார் பள்ளிகள் ஐஜிசிஎஸ்இ நடத்துவது எல்லோருக்கும் தெரிந்ததே. தரம் 7 என்றால் 7தான். ஏ-லெவல் முதலிலிருந்து தொடங்குவதால் பரீட்சை வாரியம் மாறினாலும் பாதகமில்லை. ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுப்பவர்கள் கோடை விடுமுறையில் கல்லூரி தரும் ஆயத்தப் பயிற்சித்தாள்களைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாடத்திட்டங்களுக்கு இடையே சிறு ஓட்டைகள் இருக்கும்; செப்டம்பரில் வைக்கும் முதல் தேர்வு அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான் வகுப்பாம். மிச்ச நேரம் என்ன செய்வார்கள்?

இது பெற்றோரைக் கலங்கவைக்கும் கேள்வி. கலங்குவதில் நியாயமும் இருக்கிறது.

மூன்று பாடம், பாடத்துக்கு நாலரை அல்லது ஐந்து மணி நேரம். அதோடு டியூட்டர் (பொறுப்பாசிரியர்) வகுப்பு, கொஞ்சம் விளையாட்டு. மற்ற நேரமெல்லாம் ஃப்ரீ பீரியட். தனியார் பள்ளியில் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்துவரை மணியடித்து நகர்த்தியிருப்பார்கள். சில இடங்களில் சனிக்கிழமையும் பள்ளி இருந்திருக்கும். அங்கிருந்து வருபவருக்குச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது என்றால் தலை சுற்றும். முதல் மாதம் சந்தோஷம். ஹாஃப் டெர்ம் (டெர்ம் நடுவில் வரும் விடுமுறை) வரும்போது பார்த்தால் மூன்று பாடத்திலும் வேலை குவிந்திருக்கும்.

நான் பார்த்தவரை தடுமாறுபவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அதிகம். ஜிசிஎஸ்இயில் வரிசையாக 8, 9 (9தான் உச்சம்) வாங்கியவர்கள். அவர்களுடைய படிப்புக்கு நேர அட்டவணை போட்டது பள்ளி. தானாகப் போட்டுப் பழக்கமில்லை. அரசுப் பள்ளியில் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் படித்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் பதினாலு வயதிலேயே வந்திருக்கும்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் அலுப்பானது. வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேலை இருக்கிறது. ஃப்ரீ பீரியடை அட்டவணையில் ஒரு பாடத்தின் பெயரிட்டு எழுதிக்கொள்ள வேண்டும், ‘திங்கள் 11 மணி: வேதியியல், நூலகம்’ என்று. வீட்டுக்கு ஓடி வரக் கூடாது. வீட்டுக்கு வந்தால் கட்டில் கூப்பிடும். கல்லூரியில் நான்கு மணிவரை இருந்து வேலையை முடித்துவிட்டு வருபவர்களுக்கு மாலை முழுக்க ஓய்வு.

என்னைப் ‘போஷ்’ (பணக்கார வீட்டுப் பிள்ளை) என்று கேலி செய்வார்களா? (ஒரு மாணவர்)

முதல் வாரம் ஓரிருவர் சொல்லலாம். எந்தப் பள்ளி என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். மறைத்தால்தான் பிரச்சினை, இன்ஸ்டாகிராமில் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ள முயல வேண்டாம், அது எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. பனிச்சறுக்கு விடுமுறை, பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன நாடுகள் எல்லாம் உங்கள் பழைய நண்பர்களிடையே சாதாரணப் பேச்சு. உங்கள் பக்கத்தில் உட்காருபவர் வகுப்பு முடிந்து நேரே டெஸ்கோவில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், வீட்டில் தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருபவராக இருக்கலாம். ஒப்பிட்டுப் பேசாதீர்கள், ‘எங்கள் பள்ளியில் இப்படி இல்லை’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். மதிய உணவு நேரத்தில் பழைய நண்பர்களோடு கைபேசியில் அரட்டையடித்தபடி தனியாக உட்காருவதுதான் நான் பார்த்த மோசமான தொடக்கம். லேப் பார்ட்னரோடு கேன்டீனுக்குப் போங்கள், அது போதும்.

நண்பர்கள் சேர்க்கை கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதினாறு வயதில் சேர்க்கை கெடுவதற்குத் தனியார் பள்ளியிலும் வழி உண்டு; அங்கே கையில் காசும் கூட இருக்கும். போதைப்பொருள் பற்றிய பயம் என்றால், அது கட்டணம் பார்த்து வருவதில்லை. ஓபன் ஈவினிங்கில் தலைமை ஆசிரியர் உரையைக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், சாதாரண வேலை நாளில் மாலை நாலு மணிக்கு வாசலருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பஸ் ஸ்டாப்பையும் பாருங்கள். ஒரு கல்லூரியைப் பற்றி அச்சடித்த கையேட்டைவிட அது அதிகம் சொல்லும்.

ஹாரோ, குரொய்டன், ஈஸ்ட் ஹாம் பக்கங்களில் இன்னொரு விஷயமும் நடக்கும். வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்தவருக்குத் திடீரென்று சுற்றிவரப் பத்துத் தமிழ்ப் பிள்ளைகள். சிலருக்கு அது பெரிய நிம்மதி. சிலருக்கு ‘நீ எந்த ஊர், யாருடைய மகள்’ விசாரணை கல்லூரிக்குள்ளும் வந்துவிட்டதே என்ற சலிப்பு.

சொந்தக்காரர்கள் ‘காசு முடிந்துவிட்டதா’ என்று கேட்டால்?

‘ஆமாம், வீட்டுக்கடன் கட்டுகிறோம்’ என்று சொல்லுங்கள். பிள்ளை எதிரே இருக்கும்போது அதைத் தாழ்வாகப் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாமே?

தனிக் கல்லூரிகள் பலவற்றில் அப்படித்தான். சீருடையும் இல்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும், அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். பள்ளியோடு ஒட்டிய சிக்ஸ்த் ஃபார்ம்களில் இன்றும் ‘சேர்’, ‘மிஸ்’; உடையும் பல இடங்களில் கோட் சூட்தான். பெயர் சொல்ல அனுமதி என்பதால் தாமதமாக வர அனுமதி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வருகைப் பதிவை நாங்கள் கறாராகப் பார்க்கிறோம்.

பழைய பள்ளியில் நான்கு ஏ-லெவல் எடுக்கச் சொன்னார்கள். இங்கே மூன்றுதானா?

மூன்றுதான் வழக்கம். ஃபர்தர் மேத்ஸ் (கூடுதல் கணிதப் பாடம்) எடுப்பவர்களுக்கு நான்கு. பல்கலைக்கழகங்கள் கேட்பதும் பெரும்பாலும் மூன்றுதான். நேரம் இருப்பவர் இபிக்யூ எனும் ஆய்வுத் திட்டத்தைச் செய்யலாம். அது அரை ஏ-லெவலுக்குச் சமம். லத்தீன், கிரேக்கம் தொடர ஆசைப்பட்டால் முன்பே விசாரியுங்கள், பெரும்பாலான இடங்களில் இல்லை. சமூகவியல், உளவியல், திரைப்படக் கல்வி போன்றவை பெரிய கல்லூரிகளில் தாராளம்.

பாடம் பிடிக்கவில்லை என்றால் முதல் சில வாரங்களுக்குள் சொல்லிவிட வேண்டும். அரசு நிதிக் கணக்கில் ஒரு மாணவர் 42 நாட்கள் தாண்டினால்தான் அந்தப் படிப்பில் இருப்பவராக எண்ணப்படுவார். கல்லூரிகள் தம் பாடமாற்றக் கெடுவை அதற்குள்ளேயே வைத்திருக்கும். அக்டோபர் ஹாஃப் டெர்முக்குப் பிறகு வந்து கேட்டால் பெரும்பாலும் கை விரிப்போம்.

அரசுக் கல்லூரிக்கு மாறினால் பல்கலைக்கழக இடம் சுலபமாகக் கிடைக்குமாமே?

இந்தக் கணக்கோடு யாராவது மாற்றினால் ஏமாந்துபோவார்கள். பல பல்கலைக்கழகங்கள் பின்னணி பார்த்துத் தரத்தைக் குறைத்துக் கேட்பது உண்மை. ஆனால் எதைப் பார்க்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறு: வீட்டு அஞ்சல் குறியீடு, இலவச உணவுத் தகுதி, பெற்றோர் பல்கலைக்கழகம் போனார்களா, ஜிசிஎஸ்இ எழுதிய பள்ளியின் சராசரி. ஆக்ஸ்ஃபோர்டு ஒருவருடைய ஜிசிஎஸ்இ தரங்களை அவர் எழுதிய பள்ளியின் சூழலோடு வைத்துப் பார்க்கிறது. இயர் 11 வரை நல்ல தனியார் பள்ளியில் இருந்தவருக்கு அந்தச் சூழல் மாறப்போவதில்லை. கோடைக்காலப் பள்ளிகள், உதவித் திட்டங்கள் சிலவற்றுக்கு அரசுப் பள்ளியிலேயே முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஒவ்வொன்றின் தகுதி விதியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

கூடும் வாய்ப்பும் இல்லை, குறையும் வாய்ப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டு, பிள்ளை எங்கே நன்றாகப் படிக்கும் என்பதை மட்டும் பார்ப்பது நல்லது.

யூக்காஸ் வழியான பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு யார் உதவுவார்கள்?

டியூட்டர் உதவுவார். ஆனால் அவருடைய பட்டியலில் இருபதுக்கு மேற்பட்டோர் இருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. கல்லூரியின் உள் கெடு அதற்குச் சில வாரங்கள் முன்பே வரும், அதைத்தான் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். உத்தேசத் தரம் பெரும்பாலும் இயர் 12 கோடையில் வைக்கும் தேர்வை ஒட்டிப் போடப்படும். ‘ஃபைனல் இல்லையே’ என்று அந்தத் தேர்வை விட்டுவிட்டு, பிறகு ஏ-ஸ்டார் (உச்சத் தரம்) கேட்டு வந்து நிற்கும் பெற்றோர் ஆண்டுதோறும் உண்டு.

2026 சேர்க்கையிலிருந்து தன்விவரக் கட்டுரை மூன்று கேள்விகளாகிவிட்டது. மொத்தம் 4,000 எழுத்துகள். பழைய கட்டுரையை வைத்திருக்கும் அண்ணன்மாரின் மாதிரி உதவாது. நேர்முகப் பயிற்சி வேண்டுமென்றால் இயர் 12 முடிவதற்குள் பாட ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து வந்து கேட்டால் மதிய நேரத்தில் நடத்துகிறோம். யாரும் கேட்காவிட்டால் நடக்காது.

மகனுக்குப் பரீட்சையில் 25% கூடுதல் நேரம் உண்டு. அது தொடருமா?

தானாகத் தொடராது. புதிய கல்லூரி பரீட்சை வாரியத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பிலும் அவருக்கு அது வழக்கமான தேவைதான் என்று அந்தக் கல்லூரியே சான்று காட்ட வேண்டும். தனியாகப் பணம் கட்டி எடுத்த மதிப்பீட்டு அறிக்கை மட்டும் போதாமல் போகலாம். பதியும் நாளிலேயே பழைய பள்ளியின் கோப்பைக் கேட்டு வாங்கி, கல்லூரியின் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். இதை ஜனவரிவரை தள்ளிப்போடாதீர்கள்.

செலவே இல்லையா?

கட்டணம் இல்லை. புத்தகம், லேப்டாப், களப்பயணம், சாப்பாடு எல்லாம் உண்டு. லண்டனில் வசிப்பவர்களுக்கு 16-பிளஸ் சிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ் இலவசம். அட்டை வர நாளாகும், ஜூலையிலேயே போடுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கல்லூரியின் பர்சரி (உதவித்தொகை) நிதி இருக்கிறது. முன்பு எங்கே படித்தார் என்று பார்க்கமாட்டார்கள், இப்போதைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பாவுக்கு வேலை போனதால்தான் மாறினார் என்றால் வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்கள் பிள்ளை 16-க்குப் பிறகும் படிக்கிறார் என்று வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்ட் கடைசியோடு நின்றுவிடும்.

உடனே டியூஷனில் சேர்க்கலாமா?

மிச்சமான கட்டணத்தில் மூன்று பாடத்துக்கும் டியூஷன் வைத்துவிடுவது நம்மவர்களின் முதல் யோசனை. அக்டோபர்வரை பொறுங்கள். பல கல்லூரிகளில் பாடவாரியாக இலவச உதவி வகுப்பு உண்டு, பாதி நாட்களில் இரண்டு பேர்தான் வருவார்கள். அதற்கு ஒரு டெர்ம் ஒழுங்காகப் போயும் ஒரு பாடம் இடறினால், அந்த ஒரு பாடத்துக்கு வையுங்கள். மூன்றுக்கும் வைத்தால் பிள்ளை மறுபடியும் யாரோ போட்ட அட்டவணையில்தான் ஓடும்.

விளையாட்டு, இசை?

இங்கே தனியார் பள்ளிக்கு ஈடு இல்லை. புதன் பிற்பகலை விளையாட்டுக்கு ஒதுக்கும் கல்லூரிகள் பல உண்டு, ஆனால் கிரிக்கெட் மைதானமும் நீச்சல் குளமும் எதிர்பார்க்காதீர்கள். தீவிரமாக ஆடுபவர் வெளிக் கிளப்பில் சேர வேண்டும். இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதில் பாதியில் இருப்பவர் கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றித் தொடரலாம்.

பிள்ளை எப்படிப் படிக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாலையில் பெற்றோர் சந்திப்பு, சில அறிக்கைகள், வருகைப்பதிவைப் பார்க்க ஓர் இணையக் கணக்கு. தனியார் பள்ளியில் பிள்ளைக்குப் பொறுப்பான ஹவுஸ் மாஸ்டரை வாரந்தோறும் அழைத்துப் பழகியவர்களுக்கு இது போதவே போதாது. எனக்கு நேரடியாக எழுதும் பெற்றோருக்குப் பதில் தருகிறேன். ஆனால் பிள்ளையையே அனுப்பிக் கேட்கச் சொன்னால் விஷயம் சீக்கிரம் முடியும். ‘படித்தாயா’ என்பதற்குப் பதில் ‘இந்த வாரம் எந்த ஆசிரியரிடம் என்ன கேட்டாய்’ என்று வீட்டில் கேளுங்கள்.

சரிவராவிட்டால் திரும்பத் தனியார் பள்ளிக்குப் போகலாமா?

ஹாஃப் டெர்முக்குள் என்றால் பழைய பள்ளி பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும், இடமும் அதே பாடச் சேர்க்கையும் இருந்தால். அதன் பிறகு பரீட்சை வாரியமும் பாடம் நடத்தும் வரிசையும் வேறாகிவிடும். இயர் 12-ஐத் திரும்பத் தொடங்க வேண்டியும் வரலாம். போக நினைத்தால் முதலில் டியூட்டரிடம் பேசுங்கள். செப்டம்பரில் ‘போகிறேன்’ என்று வருபவர்களில் பலருக்குப் பாடத்தில் ஒன்றை மாற்றினாலோ வேறு வகுப்பு நேரத்துக்குப் போனாலோ சரியாகிவிடுகிறது.